ஆறு திங்கள்

பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆலோசனை அறை வாசலில், கதவைப் பாதி சாத்திக்கொண்டு, என் பெரியப்பாவின் எஞ்சிய ஆயுளைக் குறித்து வைத்தியர் என்னிடம் சொன்ன வாக்கியத்தில் இரண்டே சொற்கள் இருந்தன. “ஆரு திங்களு” என்றார். அதுவரையில் இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவர் அந்த ஓர் இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்திக் கன்னடத்துக்கு மாறினார். உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்த பெரியப்பா, தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் ஒரு தமிழ்க் குடியானவர் வீட்டில் பிறந்து, ஓசூர்த் தொழிற்பேட்டையில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக உழைத்து ஓய்வு பெற்றவர். ‘சிக்ஸ் மந்த்ஸ்’ என்றால் அவருக்குப் புரிந்துவிடும், கன்னடமென்றால் புரியாது என்ற நல்லெண்ணத்தினாலேயே அந்தப் பாஷைமாற்றம் நிகழ்ந்தது என்பதை நான் அக்கணமே உணர்ந்தேன். உணர்ந்து, வைத்தியரின் தாட்சிண்யத்துக்காக மனத்துக்குள் அவரை வணங்கவும் செய்தேன்.

வியாதி இரைப்பையில் தொடங்கி ஈரலுக்குப் பரவியிருந்தது. நான்காம் நிலை. பொம்மசந்திரா, சந்தாபுரம், அத்திப்பள்ளி என்று பஸ் ஊர்ந்து வந்த அந்த மாலையில், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “என்ன தம்பி சொன்னாரு?” என்று கேட்டார். “வயித்துல புண்ணு பெரியப்பா. ஊசி போட்டா ஆறிடுமாம்” என்றேன். “சரி” என்று மட்டும் சொல்லிவிட்டு, எல்லையைத் தாண்டி ஜூஜுவாடி வரும்வரையில் அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கீமோ மருந்து ஏற்றிய நாட்களிலெல்லாம் அதைச் சத்து ஊசி என்று நான் சொன்னேன். திருப்பூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவர் மகளிடமும் பெரியம்மாவிடமும்கூட அப்படியே சொல்லி வைத்தேன். வீட்டில் உண்மையை அறிந்தவன் நான் ஒருவனே என்று எண்ணியிருந்தேன்.

இந்தப் பிரதேசத்தை அறிந்தவர்கள் இதற்குள் என் பேதைமையைக் கண்டுகொண்டிருப்பார்கள். ஓசூர் தமிழ்நாட்டின் ஓரத்தில் இருக்கிறதென்று பூகோளப் புஸ்தகம் சொல்லும். ஆனால் ஓசூரின் சந்தையிலும் தொழிற்சாலையிலும் ஒரு பாஷையோடு எவரும் காலந்தள்ளிவிட முடியாது. 1970-களில் சிப்காட் வளாகம் எழுந்து, பின்னர் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கே உற்பத்தியாகத் தொடங்கிய நாள்முதலாக, ஆனேக்கல்லிலிருந்து வரும் கன்னடக்காரரும், பாகலூரிலும் சூளகிரியிலும் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பத்துப் பிள்ளைகளும், தர்மபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழரும் ஒரே ஷிப்டில் ஒரே மேஜையில் சோறு பகிர்ந்துண்ட ஊர் இது. போதாக்குறைக்கு, அந்தச் சொல்லே தமிழ்ச் சொல். மாதத்தைத் திங்கள் என்று நாம் பேச்சில் கைவிட்டுப் பல தலைமுறை ஆயிற்று, கன்னடர் கைவிடவில்லை. எந்தச் சொல்லைக் கொண்டு அவரிடமிருந்து சங்கதியை மறைத்துவிட்டதாக நானும் வைத்தியரும் நினைத்தோமோ, அந்தச் சொல் அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்தில் படித்த சொல்.

ஆயினும், மறைத்தது பாஷையின் குற்றமன்று; பழக்கத்தின் குற்றம். வியாதியின் பெயரையும் அதன் காலக் கணக்கையும் வியாதியஸ்தனுக்குச் சொல்லாமல் அவனுடைய மூத்த மகனுக்கோ மருமகனுக்கோ சொல்வது நம் தேசத்தில் ஒரு தர்மமாகவே கருதப்பட்டு வருகிறது. இதற்கு நமக்கு முன்மாதிரியும் இருக்கிறது. சத்தியவானுக்கு ஆயுள் ஒரு வருஷமே என்பதை நாரதர் அசுவபதியின் சபையில் வெளியிட்டார். சாவித்திரி அறிந்தாள், அவள் தகப்பன் அறிந்தான். ஆனால் கோடாரியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கடைசி நாளன்று விறகு வெட்டப் போன சத்தியவானுக்கு மட்டும் எவரும் சொல்லவில்லை. காரடையான் நோன்பு நோற்கிற வீடுகளில் சாவித்திரியின் அறிவையும் உறுதியையும் போற்றுகிறோம், போற்றத்தக்கவையே. சத்தியவானுடைய ஸ்தானத்தில் நின்று அந்தக் கதையை நினைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அவனுக்கும் தெரிந்திருந்தால் கண்ணிழந்த தந்தையிடம் அன்று காலையில் ஏதேனும் சொல்லிவிட்டுப் புறப்பட்டிருக்க மாட்டானா?

நம் புராணங்களிலேயே இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஏழாம் நாள் தட்சகன் தீண்டி மாள்வாய் என்ற சாபம் பரீட்சித்து மன்னனுக்கு நேரடியாகவே அறிவிக்கப்பட்டது. அவன் ராஜ்யத்தை மகனிடம் ஒப்பித்துவிட்டுக் கங்கைக்கரையில் அமர்ந்து சுகமுனிவரிடம் பாகவதம் கேட்டான். நாள் எண்ணப்பட்டவனுக்கு ஒரு கேள்வி இருக்கும், அதைக் கேட்க அவனுக்கு அவகாசம் வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லியதாக எனக்குத் தோன்றவில்லை. சத்தியவானுக்கு எமனிடமிருந்து உயிர் மீண்டது, பரீட்சித்துக்கு மீளவில்லை என்பதும் வாஸ்தவம்தான். ஆனால் நம்மில் சாவித்திரியாக எமனை வாதத்தில் வென்று திரும்பப்போகிறவர் ஒருவருமில்லை. ஆகையால் நமக்குப் பொருந்துவது பரீட்சித்தின் கதையே என்று இன்று நினைக்கிறேன். அன்று அப்படி நினைக்கவில்லை.

1965-இல் கிளேசர், ஸ்ட்ராஸ் என்னும் இரண்டு அமெரிக்கச் சமூகவியல் அறிஞர்கள் கலிபோர்னியா ஆஸ்பத்திரிகளில் மாதக்கணக்கில் இருந்து கண்டவற்றை, மரணத்தறுவாயில் யாருக்கு எது தெரியும் என்பதைப் பற்றிய ஒரு நூலாக எழுதினார்கள். நோயாளிக்கு ஒன்றும் தெரியாத நிலை, சந்தேகிக்கும் நிலை, எல்லோரும் வெளிப்படையாகப் பேசும் நிலை ஆகியவற்றோடு, அவர்கள் இன்னொரு நிலையையும் குறித்தார்கள்: நோயாளிக்கும் தெரியும், மற்றவர்க்கும் தெரியும், ஒருவருக்குத் தெரியும் என்பது மற்றவருக்கும் தெரியும், ஆயினும் இருதரப்பாரும் தெரியாதவர்போல நடித்துக்கொண்டே நாளைக் கழிப்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டு மாதம் அதுதான் நடந்தது. நான் மாத்திரம் அது நாடகமென்பதை அறியாமல் நடித்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் சாயங்காலம், பெரியம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, திண்ணையில் சாய்ந்திருந்தவர் திடீரென்று சொன்னார்: “திங்கள் ரெண்டு ஆயிடுச்சு தம்பி.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. தலைகுனிந்து நின்றேன். அவர் கோபிக்கவில்லை. “நீ சின்னப் பையன், தாங்க மாட்டேன்னு நெனச்சேன். அதான் கேக்கல” என்றார். எவரைக் காப்பாற்றுவதாக நான் கருதினேனோ, அவர் அந்த இரண்டு மாதமும் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

அதன்பின் அவர் கேட்ட கேள்வியை நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன். யந்திரசாலையில் பேரிங் மாற்றியே விரல் தேய்ந்த மனிதர் அவர். “பேரிங் கேட்லாக்ல மணிக்கணக்குன்னு ஒண்ணு போட்டிருப்பான். அது அந்த ஒரு பேரிங்கோட ஆயுசு இல்ல. நூறு பேரிங்கை ஒரே லோடுல ஓட விட்டா பத்து அதுக்குள்ள போயிடும், தொண்ணூறு அதுக்கு மேலயும் ஓடும். எந்தப் பத்துன்னு செஞ்சவனுக்கே தெரியாது. டாக்டர் சொன்ன ஆறு, அந்த மாதிரி பத்து போற நம்பரா, இல்ல பாதி போற நம்பரா? அதைக் கேட்டியா நீ?”

நான் கேட்டிருக்கவில்லை. அந்த எண்ணைக் கேள்விப்பட்ட மாத்திரத்தில் அதை ஒரு தேதியாக எடுத்துக்கொண்டேன். பஞ்சாங்கத்தில் ஆறு மாதம் தள்ளி ஒரு நாளைக்கூட மனத்தால் குறித்து வைத்திருந்தேன்.

அடுத்த முறை போனபோது கேட்டோம், இருவருமாக, கதவைச் சாத்தாமல். வைத்தியர் ஒரு கணம் திகைத்து, பிறகு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டுக்கொண்டு, பாதி போகிற எண்தான் என்று விளக்கினார். இத்தகைய வியாதி இந்த நிலையில் கண்டவர்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாழ்ந்த காலம் ஆறு மாதம்; முன்பாதியினர் அதற்குள் போனார்கள், பின்பாதியினர் அதற்கு மேலும் இருந்தார்கள்.

இந்த எண்கள் ஆகாயத்திலிருந்து விழுவனவல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தில் 1982-இன் தொடக்கத்திலிருந்து பெங்களூர், பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களின் புற்றுநோய்ப் பதிவேடுகளில் விவரம் திரட்டப்பட்டு வருகிறது. இத்தகைய பதிவேடுகளிலும் உலகெங்கும் நடந்த மருந்துப் பரீட்சைகளிலும் பெயரிழந்து கோடாகிப்போன மனிதர்களிடமிருந்தே ஒவ்வொரு வைத்தியரும் தம் எண்ணைப் பெறுகிறார். அதே 1982-ஆம் வருஷம் ஜூலையில் ஸ்டீஃபன் ஜே கூல்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானிக்கு, நாற்பதாம் வயதில், வயிற்றுச் சவ்வில் மெசோதீலியோமா என்ற அபூர்வமான புற்று கண்டது. நடு எண் எட்டு மாதம் என்று நூல்கள் கூறின. பரிணாமத்தை ஆராய்பவராகையால் வரைபடத்தின் வடிவத்தைக் கவனித்தார்: பூஜ்யத்துக்கும் எட்டுக்கும் நடுவில் முன்பாதி நெருக்கியடித்து நிற்க வேண்டும், பின்பாதிக்கோ அப்படி எல்லை கிடையாது, அதன் வால் வருஷக்கணக்கில் நீளலாம். தமக்கு வயது குறைவு, சிகிச்சை நல்லது, ஆகையால் அந்த வாலில் இடம் கிடைக்கலாம் என்று கணித்து, 1985-இல் அதை ஒரு கட்டுரையாகவும் எழுதி, 2002 வரையில் இருபது வருஷம் வாழ்ந்து, கடைசியில் வேறொரு புற்றால் இறந்தார். இந்தக் கதையைச் சொல்லி எல்லா நோயாளிக்கும் இருபது வருஷம் வாக்களிப்பது பாவம். வால் என்பது சிலருக்கே. கூல்ட் தம்மைப் பற்றிய எண்ணைத் தாமே கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார் என்பதே எனக்கு அதில் முக்கியமாகப் படுகிறது.

சிட்னி நகரத்து வைத்தியர்களான பெலிண்டா கீலியும் மார்ட்டின் ஸ்டாக்லரும் இதைச் சாமானியர்க்குச் சொல்லத்தக்க ஒரு கணக்காக ஆக்கியிருக்கிறார்கள். நடு எண்ணை ஒற்றையாகச் சொல்லாதே, விரித்துச் சொல் என்பது அவர்கள் முறை. நடு எண் ஆறு மாதமானால், நூற்றில் ஏறக்குறைய ஐம்பது பேர் அதன் பாதிக்கும் இரட்டைக்கும் நடுவில், அதாவது 3 மாதத்துக்கும் 12 மாதத்துக்கும் இடையில் இறப்பர்; துரதிர்ஷ்டசாலிகளான பத்துப் பேர் அதன் காற்பங்கான ஒன்றரை மாதத்துக்குள்ளேயே போய்விடுவர்; பாக்கியசாலிகளான பத்துப் பேர் அதன் மும்மடங்கான 18 மாதத்தையும் கடந்து நிற்பர். ‘ஆறு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒன்றரையும் பதினெட்டும் அடங்கிக் கிடக்கின்றன! இதை ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் காட்டியபோது பெரியப்பா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, “இது கணக்கு” என்று சொல்லி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வைத்தியர்களின் நாவு நம்பிக்கைப் பக்கமே சாய்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், எலிசபெத் லமோன்ட் இருவரும் சிகாகோவில் அந்திமப் பராமரிப்புத் திட்டங்களில் சேர்ந்த 468 நோயாளிகளின் விஷயத்தில் வைத்தியர்கள் கணித்த காலத்தையும் நேர்ந்த காலத்தையும் ஒப்பிட்டு 2000-இல் வெளியிட்டார்கள். நூற்றுக்கு இருபது கணிப்பே சரி. அறுபத்துமூன்று அதிகமாகச் சொன்னவை. நோயாளியோடு நெடுநாள் பழகிய வைத்தியரின் கணிப்பு அதிகமாகப் பிழைத்தது என்ற முடிவைப் படித்தபோது என் மனம் நெகிழ்ந்துவிட்டது. பிரியம் வந்தபின் கையால் சிறிய எண்ணை எழுத முடிவதில்லை. வைத்தியருக்கே இப்படியென்றால் பெற்ற பிள்ளைக்கும் வளர்த்த பிள்ளைக்கும் சொல்லவும் வேண்டுமா?

ஆகையால் பட்டறிவுள்ள வைத்தியர்கள் ஸ்கேன் படத்தைக் காட்டிலும் நோயாளியின் பகற்பொழுதையே அதிகமாக நம்புகிறார்கள். தாமே குளிக்கிறாரா, பகலில் பாதிக்கு மேல் படுக்கையில் கழிகிறதா, சோற்றைக் கண்டால் முகம் திரும்புகிறதா, எடை இறங்குகிறதா, பேசினால் மூச்சு வாங்குகிறதா என்பவையே அவர்களுக்கு நாழிகைவட்டில். வலியையும் அவஸ்தையையும் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சையில் பயின்ற ஒரு நர்ஸ் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சூத்திரம் இன்னும் எளியது: உடம்பு மாதத்துக்கு மாதம் தளர்ந்தால் மாதங்கள் இருக்கின்றன, வாரத்துக்கு வாரம் தளர்ந்தால் வாரங்கள், நாளுக்கு நாள் தளர்ந்தால் நாட்கள். பெரியப்பா இதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

அந்த நர்ஸ் எங்கள் வீட்டுக்கு வந்ததே இந்த ஜில்லாவின் ஒரு பாக்கியம். 2021 ஆகஸ்டு 5 அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி என்னும் கிராமத்தில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருவதையே பலரும் அறிவர். படுக்கையோடு கிடப்பவர்க்கு நோய் ஆதரவு சிகிச்சையும் அதன் அங்கம் என்பதைச் சிலரே அறிவர். ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டரில் பெங்களூர் இருக்கிறது; 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் நிலையம் அங்கே ஓசூர் சாலையிலேயே நிற்கிறது; முற்றிய புற்றுநோயாளிகளைக் கட்டணமில்லாமல் வைத்துப் பராமரிக்கும் கருணாஸ்ரயாவும் அந்நகரத்தில் உண்டு. ஆயினும் புரண்டு படுக்க முடியாதவருக்கு 40 கிலோமீட்டர் என்பது 400 கிலோமீட்டர். வாசலில் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்து, முதுகில் புண் கண்டிருக்கிறதா என்று பார்க்கிற ஒரு கைக்கு ஈடாக எந்த மாளிகையையும் நான் சொல்ல மாட்டேன்.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆறு திங்களுக்கு அஞ்சுகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையில் அஞ்சுவது வலிக்கே. அந்த அச்சத்துக்கு நம் தேசத்தில் நியாயம் இருந்தது. உலகத்துக்கு அபின் விளைவித்துக் கொடுத்த நாட்டில், 1985-இல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் ஆஸ்பத்திரிகளில் அபினிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்பின் கிடைப்பதே அரிதாயிற்று. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய சிறு முயற்சியிலிருந்து டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் அவர் தோழர்களும் இடைவிடாது போராடியதன் பயனாக, 2014-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. பெரியப்பாவுக்கு அது நான்கு மணிக்கொரு தரம் வாய்வழியே கொடுக்கும் மாத்திரை, மலச்சிக்கலுக்குக் கூடவே மருந்து, அவ்வளவுதான். அதைக் கொடுத்தால் ஆயுள் குறைந்துவிடும், பழக்கமாகிவிடும் என்று பெரியம்மாவிடம் அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். முறையாக அளந்து கொடுத்தால் அப்படி நேருவதில்லை. வலி அடங்கிய மூன்றாம் நாள் பெரியப்பா தாமே எழுந்து முகச்சவரம் செய்துகொண்டார். பாஸ்டனில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஆரம்பத்திலிருந்தே ஆதரவு சிகிச்சையும் பெற்றவர்களின் நடு எண் 11.6 மாதம், பெறாதவர்க்கு 8.9 மாதம், ஆதரவு பெற்றவர்கள் கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சையைக் குறைவாகவே ஏற்றார்கள். வலியை நீக்குவது தோல்வியை ஒப்புக்கொள்வதாகும் என்ற எண்ணம் எங்கள் வீட்டிலும் இருந்தது.

எண்ணைக் கையில் வாங்கிக்கொண்ட பின்னர் அவர் செய்தவற்றைச் சொல்கிறேன். பெரியம்மாவுக்குத் தாமே சொன்னார். நான் தெருவில் நின்றேன், உள்ளே அழுகை கேட்டது, பிறகு வெகுநேரம் பேச்சுக் கேட்டது. பென்ஷன் புஸ்தகத்திலும் வங்கியிலும் வாரிசுப் பெயர் இருக்கிறதா என்று சரிபார்க்கச் செய்தார். சீட்டுக் கட்டியிருந்ததை முடித்துக் கணக்குத் தீர்த்தார். வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் எண்ணெய்த் துணியில் துடைத்து, பழைய தொழிற்சாலையில் அவரிடம் வேலை பழகிய ஒரு பையனை வரவழைத்துக் கொடுத்தார். வரப்புத் தகராறில் பதினாறு வருஷம் பேசாதிருந்த தம்பியைத் தேன்கனிக்கோட்டையிலிருந்து கூட்டிவரச் சொன்னார்; இருவரும் ஒன்றும் பேசாமலேயே ஒரு பகல் முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். மாங்காய்க் காலமாகையால் தம்பி ஒரு கூடை பெங்களூரா கொண்டுவந்திருந்தான். அதில் ஒரு துண்டை வாயில் வைத்துச் சுவைத்துவிட்டுத் துப்பினார். இரண்டாம் வகைக் கீமோவைப் பற்றி வைத்தியர் எடுத்துரைத்தபோது, எத்தனை நாள் கூடும், அதில் எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கழியும் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வேண்டாமென்றார். இவற்றுள் ஒன்றையேனும் வயிற்றுப்புண்காரர் ஒருவர் செய்திருப்பாரா? நான் அவரிடமிருந்து பறித்து வைத்திருந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு பொறுக்கவில்லை.

ஐந்தாவது திங்களின் கடைசி வாரம். காலைச் சூரியன் சந்திரசூடேஸ்வரர் மலைக்கு மேலே வந்திருந்தது. பெரியம்மா கரண்டியால் கொடுத்த கஞ்சியை வேண்டாமென்று கையசைத்துவிட்டு, என்னை அருகில் அழைத்தார். குரல் காற்றாக வந்தது.

“இப்ப வாரத்துக்கு வாரம் இல்ல தம்பி. நேத்துக்கு இன்னிக்கு மாறுது. திருப்பூருக்குப் போன் போடு.”

போட்டேன். அவர் மகள் அன்றிரவே பஸ் ஏறினாள். விடியற்காலையில் அவள் வாசலில் வந்து நின்றபோது பெரியப்பா விழித்துக்கொண்டிருந்தார்.